அரிச்சந்திரன் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா? பேருக்காகவே நடக்குற ஒரு நாடகம்

கோயில் திருவிழா சீசன் வந்துட்டா டெல்டா பக்கம் ஏதாவது ஒரு ஊர்ல அரிச்சந்திரா நாடகம் போடுவாங்க. மறுநாள் காலைல டீக்கடையிலயும் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே கேள்விதான் சுத்தும். "நாட்டை நான் கொடுக்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் திரும்பி வந்துடுமே, செத்த புள்ள எழுந்துடுமே, பொண்டாட்டி தலை தப்பிடுமே, அந்த ஆளு ஏன் சொல்ல மாட்டேங்குறான்? என்ன அப்படி ஒரு பிடிவாதம்?" முதல் தடவை முழுசா உக்காந்து பாக்குற பசங்க கேக்குறாங்க, நாப்பது வருசமா பாக்குறவங்களும் கேக்குறாங்க.

"அவன் சத்தியவான், அதான்" அப்படின்னு ஒரு பதில் ரெடியா இருக்கு. ஆனா அந்தப் பதில் நாடகத்துல பாதியைத்தான் விளக்கும். ஏன்னா மேடையில இருக்குற மத்தவங்க யாரும் சத்தியத்துக்காக ஓடல. விசுவாமித்திரர், வசிஷ்டர், தரகு கேக்குற நட்சத்திரேசன், அய்யர் காலகண்டன், காசி ராஜா, இவங்க ஒவ்வொருத்தரையும் ஓட வைக்கிறது அவங்கவங்க பேருதான். அரிச்சந்திரனே கூட ஆரம்பத்துல பேருக்காகத்தான் ஓடுறான். அந்தப் பேரையெல்லாம் ஒண்ணொண்ணா உரிச்சு எடுத்துட்டு கடைசில என்ன மிச்சம் நிக்குதுன்னு பாக்குறதுதான் இந்த நாடகம். இப்படிப் பாத்தா அந்த ஒரு பொய்யை அவன் ஏன் சொல்லலங்கறதும் புரியும், அதுக்காக யாரு விலை கொடுத்தாங்கங்கறதும் புரியும்.

முதல்ல கதை, சுருக்கமா

செட்டுக்கு செட்டு, அதாவது ஒவ்வொரு நாடகக் கோஷ்டிக்கும், வசனமும் பாட்டும் மாறும். இங்க எடுத்துக்கிட்டது 16ஆம் நூற்றாண்டுல வீர கவிராயர் பாடுன அரிச்சந்திர புராணத்தை ஒட்டி தமிழ் மேடையில வர்ற கதைப்போக்கு.

1. இந்திர சபையில பேச்சு வருது, பூலோகத்துல பொய்யே பேசாத ராஜா யாருன்னு. வசிஷ்டர் "என் சீடன் அரிச்சந்திரன்"ங்கறார். விசுவாமித்திரர் "அவனைப் பொய் சொல்ல வைக்கிறேன் பாரு"ங்கறார். ரெண்டு பேரும் தங்களோட தவத்தையே பந்தயம் வைக்கிறாங்க.

2. விசுவாமித்திரர் அயோத்திக்கு வந்து யாகத்துக்குப் பொன் கேக்குறார். யானை மேல ஒருத்தன் நின்னு கவண்ல எறிஞ்சா எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரத்துக்குப் பொன். சரின்னு சொல்லிடறான். "இப்ப வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிடறார்.

3. அவரே ரெண்டு ஆடல் பொண்ணுங்களை அனுப்பறார். அவங்க ஆடிக் காட்டி, பரிசா வெண்கொற்றக் குடையைக் கேக்குறாங்க, அப்புறம் "எங்களைக் கட்டிக்கோ"ங்கறாங்க. ராஜா மாட்டேங்கறான். முனிவர் கோவமா வந்து "இவங்களைக் கட்டிக்கோ, இல்லன்னா நாட்டைக் கொடு"ங்கறார். நாட்டைக் கொடுத்துடறான்.

4. நாட்டை வாங்குன கையோட முனிவர் பழைய பொன்னைக் கேக்குறார். கஜானால இருக்குன்னு சொன்னா, கஜானாவும் இப்ப என்னோடதுதானேங்கறார். 48 நாள் கெடு. வசூல் பண்ண நட்சத்திரேசன் கூடவே வர்றான்.

5. காசில பொண்டாட்டி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டய்யர்ங்கறவர்கிட்ட வித்து கடனைக் கட்டறான். நட்சத்திரேசன் தன்னோட தரகுக்கூலி பாக்கின்னு நிக்க, அதுக்காகத் தன்னையே சுடுகாட்டுத் தலைவன் வீரபாகுகிட்ட வித்துக்கறான்.

6. தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு கடிச்சுடுது. தாய் ராத்திரில பொணத்தைத் தூக்கிட்டு சுடுகாட்டுக்கு வர்றா. காவல்காரன் அரிச்சந்திரன்.

7. சுடுகாட்டுக் கூலி கொண்டாரப் போன சந்திரமதி மேல காசி ராஜாவோட குழந்தையைக் கொன்ன பழி விழுது. தலையை வெட்டச் சொல்லி உத்தரவு. வெட்ட வேண்டியவன் அரிச்சந்திரன். கத்தி மாலையா மாறுது, தெய்வம் தோணுது, எல்லாம் திரும்ப வருது.

மூணு சொல்லைப் பிரிச்சு வச்சுக்கணும்

நாம பேச்சுல பேரு, மானம், வாக்கு மூணையும் கலந்துதான் பேசறோம். இந்த நாடகம் மூணையும் தனித்தனியா நடத்துது, அதனால பிரிச்சுக்கிட்டாதான் கணக்கு புரியும்.

பேருன்னா ஊர் நம்மளப் பத்தி வச்சிருக்குற நினைப்பு. அது நம்ம கையில இல்ல, ஊர் கையில இருக்கு. ஊரு கொடுக்கும், ஊரே எடுக்கும்.

மானம்னா நம்ம நிலைக்கு இன்னது தகும் இன்னது தகாதுன்னு நாமளே போட்டு வச்சிருக்குற கோடு. ஆனா அந்தக் கோட்டைப் பெரும்பாலும் பொறப்பும் குலமும் அந்தஸ்தும்தான் போட்டுத் தருது.

வாக்குன்னா வாய் விட்டுச் சொன்ன சொல். ஊரு பாத்தாலும் பாக்காட்டியும் அது சொன்னவன்கிட்டதான் நிக்கும்.

நாடகம் ஆரம்பிக்கும்போது அரிச்சந்திரன்கிட்ட மூணும் ஒண்ணாக் கட்டிக் கெடக்கு. பாக்குறவனுக்கும் வித்தியாசம் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்த முடிச்சை அவுக்குற வேலைதான் விடிய விடிய நடக்குது.

பந்தயம் யாருக்கும் யாருக்கும்?

இதை நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. அரிச்சந்திரனுக்குத் தன்னை வச்சு ஒரு பந்தயம் ஓடுதுங்கறதே தெரியாது. அது முழுக்க ரெண்டு முனிவருங்களோட கௌரவப் போட்டி. வசிஷ்டருக்கு என் சீடன்ங்கற பெருமை. விசுவாமித்திரருக்கு வசிஷ்டர் சொல்லி ஒண்ணு சபையில நிக்கக் கூடாதுங்கற வீம்பு. அதுவும் ராஜாவா இருந்து தவத்தால முனிவரா ஆனவர் அவரு, வசிஷ்டரோட அவருக்கு இருக்குற பகை புராணம் பூரா வரும். சபையில ஒரு தடவை சொல்லிட்டார், பின்வாங்குனா அவரோட பேரு போயிடும்.

இதோட விளைவு என்னன்னா, விசுவாமித்திரருக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் நிறுத்திக்க வழி இருக்கு, ஆனா நிறுத்த முடியல. நாட்டை வாங்குனதும் நிறுத்தியிருக்கலாம். பொண்டாட்டியை வித்தப்பவே ஆளு பொய் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சு போச்சு, அப்பவாவது நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் தோத்ததை ஒத்துக்க மனசில்லாம அடுத்த கொடுமைக்குப் போறார். சீட்டாட்டத்துல விட்டதைப் பிடிக்கப் போறவன் மாதிரிதான். தன் பேரைக் காப்பாத்திக்க ஆரம்பிச்சவர் ஒரு சின்னப் பையன் சாவு வரைக்கும் வந்து நிக்கிறார். இந்த நாடகத்துல பேரு மேல இருக்குற பயத்தோட கோரமான முகம் இவர்தான், அரிச்சந்திரன் இல்ல.

வசிஷ்டரையும் சும்மா விடக் கூடாது. சீடன் குடும்பத்தோட தெருவுல நிக்கிறப்ப குரு எங்க போனார்? அவரு வந்து ஒரு கை கொடுத்தா பந்தயம் கெட்டுப் போகும். ஆக அவரோட பேரும் சீடனோட கஷ்டத்து மேலதான் உக்காந்திருக்கு. இதை எந்த செட்டும் வசனமா வைக்கிறதா தெரியல, வைக்கணும்.

அந்த ரெண்டு பொண்ணுங்க சீன்

நாடகத்தோட சாவி இங்க இருக்கு. ஆடுன பொண்ணுங்களுக்குப் பொன்னு, பொருள் எல்லாம் தரத் தயாரா இருக்குற ராஜா, கட்டிக்கோன்னு கேட்டதும் ஏன் மறுக்கறான்? ரெண்டு காரணம் மேடையில வரும். ஒண்ணு, ஏகபத்தினி விரதம். ரெண்டாவது, அந்தப் பொண்ணுங்க கீழ் குலம்னு கதை சொல்லுது, சூரிய குலத்து ராஜா தொடக் கூடாதுங்கற நினைப்பு. முதல் காரணம் வாக்கு சம்பந்தப்பட்டது, சந்திரமதிக்கு அவன் கொடுத்த சொல். ரெண்டாவது சுத்தமா குலப்பெருமை, வேற ஒண்ணுமில்ல.

பொண்ணுங்க விட மாட்டாங்க, அவனோட வாதாடுவாங்க. எங்க ஆட்டத்தைக் கண்ணால பாத்தா தீட்டில்ல, பாட்டைக் காதால கேட்டா தீட்டில்ல, கையால தொட்டா மட்டும் தீட்டாங்கற மாதிரி அந்த வாதம் போகும். பதில் சொல்ல முடியாத கேள்வி அது, அவனும் ஒழுங்கா பதில் சொல்லல, விரட்டித்தான் விடறான். பொய் பேசாத ராஜா தோத்துப் போற ஒரே விவாதம் இதுதான்னு நான் சொல்லுவேன்.

இப்ப இதை ஞாபகம் வச்சுக்கிட்டு கதையோட பின்பாதியைப் பாருங்க. குலம் கெட்டுடும்னு ஒரு நாட்டையே தூக்கிக் கொடுத்தவன், எந்த சனத்தைத் தொட மாட்டேன்னு சொன்னானோ அதே சனத்துல ஒருத்தனான வீரபாகுவுக்கு அடிமையாகி "ஆண்டே"ன்னு கூப்பிடறான். கதையைக் கட்டுனவங்க தெரியாம பண்ணல இதை. எந்தப் பேருக்காக மொதல்ல ஓடுனானோ அந்தப் பேருதான் இங்க உரியுது.

கடனும் தரகும்

அடுத்தது ராஜாங்கற பேரு. இங்கதான் டெல்டாக்காரங்களுக்கு இந்த நாடகம் ஏன் இவ்வளவு ஆழமா இறங்குச்சுங்கறது இருக்கு.

வேற எடத்துல இது புராணக் கதை. தஞ்சாவூர் ஜில்லால ஒரு ஆளு கடனுக்காகத் தன்னையும் தன் குடும்பத்தையும் இன்னொருத்தன்கிட்ட ஒப்படைக்கிறது புராணம் இல்ல, பண்ணையாள் முறை இருந்த காலத்துல அதுதான் அன்னாட நடப்பா இருந்துச்சு. கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஆண்டைகிட்ட முன்பணம் வாங்குவான், எழுத்து எதுவும் இருக்காது, வாய்ச்சொல்தான், அது அடையற வரைக்கும் அவன் மட்டுமில்ல, பொண்டாட்டி புள்ளைங்க வேலையும் பண்ணைக்குத்தான். இதுக்குக் கடிவாளம் போட தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ல வந்துச்சு. அப்படின்னா அதுக்கு முன்னால தரையில சாக்கை விரிச்சு உக்காந்து விடிய விடிய இந்த நாடகத்தைப் பாத்த சனத்துல எத்தனையோ பேரு மேடையில விக்கப்படற ராஜா நெலமையிலயே கீழ உக்காந்திருந்தாங்க. ராஜா வாயில "ஆண்டே"ங்கற வார்த்தை வர்றப்ப அவங்களுக்கு என்ன தோணியிருக்கும்? தினம் தாங்க சொல்ற வார்த்தையை அயோத்தி மகாராஜா சொல்றான், அதுவும் யாரைப் பாத்து, சுடுகாட்டு வேலை பாக்குற ஒருத்தரைப் பாத்து. ஊர்ல தலைகீழா இருக்குற ஒண்ணை மேடை அந்த ஒரு ராத்திரிக்கு நேரா நிறுத்திக் காட்டுது.

நட்சத்திரேசனை மறந்துட வேணாம். பெரும்பாலும் சிரிப்புக்கு அவனைப் போடுவாங்க, பபூனே அந்த வேஷத்தைக் கட்டறதும் உண்டு. ஆனா அவன் பண்றது சிரிக்கிற வேலை இல்ல. கடன் முழுசா அடைஞ்ச பிறகு "என் கூலி எங்க?"ன்னு நிக்கிறான். அரிச்சந்திரன் முனிவருக்குக் கொடுத்த வாக்குல இது சேராது, மாட்டேன்னு சொல்லியிருந்தா பொய் ஆகாது. ஆனாலும் கட்டறான். ஒருத்தன் உழைப்பை வாங்கிட்டு கூலி இல்லாம அனுப்பக் கூடாதுன்னு நினைக்கிறான். இந்த எடத்துல முதல் தடவையா அவன் யாரோட பந்தயத்துக்கும் யாரோட கட்டாயத்துக்கும் இல்லாம, தானா ஒரு முடிவு எடுக்கறான்.

காசில ரெண்டு முதலாளி

காலகண்டய்யர், ஊர்ல மதிப்புள்ளவர், வேதம் படிக்கிறவர். வீட்டுக்கு வாங்குன பொம்பளையையும் பச்சைப் புள்ளையையும் அந்தத் தம்பதி படுத்தற பாடு நாடகத்துல நீளமா வரும். மகன் செத்துட்டான்னு சேதி வந்தும், வேலையை முடிச்சுட்டுப் போன்னு நிறுத்தி வைக்கிறாங்க. அதனாலதான் அவ ராத்திரில காட்டுக்குள்ள தனியா புள்ளையைத் தேடிப் போறா.

வீரபாகு, ஊருக்கு வெளிய வச்சிருக்குற ஆளு. பேசுன விலையை முழுசா எண்ணி வைக்கிறான். வேலை என்னன்னு தெளிவாச் சொல்றான்: பொணம் ஒண்ணுக்கு கால் பணமும் முழத் துண்டும் எனக்கு, வாய்க்கரிசி உனக்கு. கணக்கு நேரா இருக்கு, ஏமாத்து இல்ல.

நல்ல பேரு உள்ளவன் ஒரு பக்கம், நல்லபடி நடந்துக்கறவன் இன்னொரு பக்கம். ஊரு கொடுக்குற பேருக்கும் ஆளோட நடத்தைக்கும் சம்பந்தமே இருக்கணும்னு அவசியமில்லைங்கறதை இந்த ஜோடியை வச்சே நாடகம் சொல்லிடுது. கடைசில இவங்கள்லாம் சோதிக்க வந்த தேவர்கள்தான்னு கதை மூடி வைக்கும். ஆனா அது வரைக்கும் ஒரு ராத்திரி பூரா நாம பாத்தது மனுசங்களைத்தான்.

மயான காண்டம்: யாரும் பாக்காத எடத்துல

நாடகத்தோட உசுரு இது. சனம் தூக்கத்தை அடக்கிட்டு உக்காந்திருக்குறதே இதுக்குத்தான், பொழுது விடியப் போற நேரத்துல வரும்.

நிலைமையைப் பாருங்க. நடுராத்திரி. சுடுகாட்டுல ரெண்டே பேரு. ஒருத்தி புள்ளையோட பொணத்துக்குத் தானே கட்டை பொறுக்கி அடுக்கித் தீ வைக்கப் பாக்குறா. காவல்காரன் வந்து தடுக்கறான், கால் பணம் எங்க, முழத் துண்டு எங்கன்னு. அவளுக்கு அவனைத் தெரியல, அவனுக்கு அவளைத் தெரியல. எனக்கு ஒண்ணுமில்லைய்யாங்கறா. அப்ப அவன் சொல்றான், கழுத்துல தாலி மின்னுதே, அதை வித்தாவது கொடேன். அவ ஆடிப் போயிடறா, ஏன்னா அது பொறக்கும்போதே கூட வந்த தாலி, கட்டுன புருசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்கறாங்க, செத்த புள்ள யாருன்னும் அப்பதான் அவனுக்குத் தெரியுது.

அழுது முடிச்ச பிறகு அவன் என்ன சொல்றாங்கறதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய எடம். "எனக்குச் சேர வேண்டிய வாய்க்கரிசியை விட்டுடறேன், ஆண்டைக்குச் சேர வேண்டிய கால் பணத்தையும் முழத் துண்டையும் விட எனக்கு உரிமை இல்ல, போயி வாங்கிட்டு வா." தன் பங்கு எது, அடுத்தவன் பங்கு எதுன்னு அந்த நிமிசத்துலயும் பிரிக்கிறான். தன் பங்கை யோசிக்காம விடறான். அடுத்தவன் பங்கைத் தன் புள்ளைக்காகக் கூட தொட மாட்டேங்கறான்.

இதைப் பேருக்காகச் செஞ்சான்னு சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

1. அங்க சாட்சி இல்ல. வீரபாகு வீட்டுல தூங்கறான். ஒரு பொணம் கணக்குல வராம எரிஞ்சா யாருக்கும் தெரியப் போறதில்ல.

2. காப்பாத்த வேண்டிய பேரும் இல்ல. ராஜாங்கறது போச்சு, குலம் போச்சு, பொண்டாட்டி புள்ளையை வித்தவன்ங்கற பேருதான் மிச்சம். ஊரு கண்ணுல இதுக்கு மேல எறங்க எடமில்ல.

3. தெரிஞ்சாலும் யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. பெத்த புள்ளையைக் காசில்லாம எரிச்சான்னு எந்த ஊரும் ஒருத்தனைத் தூத்தாது, பரிதாபந்தான் படும்.

ஆக ஊருக்குப் பயந்து செய்யற காரியத்துக்கு வேண்டிய மூணுமே இங்க இல்ல. அப்படியிருந்தும் செய்யறான். பேரு, மானம், வாக்குன்னு கட்டிக் கெடந்த முடிச்சு இங்க முழுசா அவுந்து போச்சு, வாக்கு மட்டும் தனியா நிக்குது. நாடகத்தோட ஆரம்பத்துல இருந்த அரிச்சந்திரன் நல்ல பேரு உள்ள ராஜா. இந்த எடத்துல இருக்கறவன்தான் சத்தியவான். ரெண்டும் ஒரே ஆளு இல்லைங்கறதுதான் என் கணிப்பு.

டெல்டால பல ஊர் சுடுகாட்டு வாசல்ல அரிச்சந்திரன் கோயில்னு ஒரு கல்லோ சின்ன மேடையோ இருக்கும், பாடையை அங்க எறக்கி வச்சு, வெட்டியான் அரிச்சந்திரன் பேரைச் சொல்லிப் பாடி, கால் பணம் முழத் துண்டு கேட்டு வாங்குன பிறகுதான் உள்ள போவாங்க. திருவாரூர், நாகை பக்கம் ஓடுற ஆத்துக்கே அரிச்சந்திரா நதின்னு பேரு. அரண்மனைல இருந்த அரிச்சந்திரனுக்கு இங்க கல்லு இல்ல, சுடுகாட்டுல இருந்தவனுக்குத்தான் இருக்கு. எந்த அரிச்சந்திரன் பெரியவன்னு சனம் எப்பவோ முடிவு பண்ணிடுச்சு.

கடைசிப் பேரம்

இப்ப டீக்கடைக் கேள்விக்கு வரலாம். கத்தியை ஓங்கி நிக்கிறப்ப விசுவாமித்திரர் வர்றார், நாட்டைக் கொடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாடு தரேன், புள்ளைய எழுப்பித் தரேன்ங்கறார். அரிச்சந்திரன் பதிலை வீர கவிராயர் ஒரு பாட்டுல வச்சிருக்கார், "பதி இழந்தனம் பாலனை இழந்தனம்"னு தொடங்கி "கதி இழக்கினும் கட்டுரை இழக்கிலம்"னு முடியும். ஊரு போச்சு, புள்ள போச்சு, இனிமே கெடைக்கும்னு நம்பற மோட்சமே போனாலும் சொன்ன சொல்லை விட மாட்டோம்ங்கறான்.

அந்த மோட்சம்ங்கறதைக் கவனிங்க. சத்தியம் பேசுனா சொர்க்கம் கெடைக்கும்னு நெனச்சு அவன் பண்ணல. அதுவும் வேணாங்கறான். பேரு மட்டும் இல்ல, புண்ணியக் கணக்கும் போச்சு. அதனாலதான் பேரத்துக்கு அவன் மடங்கல: விசுவாமித்திரர் கையில இருக்குறது எல்லாம் கொடுத்து வாங்குற சாமான், இவன்கிட்ட இருக்குறது விக்கிற சாமான் இல்ல. ஏற்கனவே தன்னையே வித்தவன், எதை விக்கலாம் எதை விக்கக் கூடாதுன்னு அவனை விட நல்லாத் தெரிஞ்சவன் யாரு?

அதே பாட்டோட கடைசி அடி இன்னும் அருமை. இழந்தோம் இழந்தோம்னு ராஜா அடுக்கிட்டு வர்றான், கடைசில புலவர், முனிவர் மதியிழந்து வாயிழந்து மறைஞ்சு போனார்னு முடிக்கிறார். இழப்புக் கணக்குல கடைசி வரவு விசுவாமித்திரருக்குத்தான். பேரைக் காப்பாத்திக்க வந்தவர் பேச வாயில்லாம போறார்.

சந்திரமதி கணக்கை யாரு பாக்குறது?

இந்த நாடகத்தைக் கொண்டாடறவங்களும் திட்டறவங்களும் அரிச்சந்திரனைச் சுத்தியே பேசறாங்க. ஆனா பேருங்கற விஷயத்துல பெரிய நஷ்டம் சந்திரமதிக்குத்தான்.

வாக்குக் கொடுத்தது அவ இல்ல. இருந்தாலும் இந்தக் கதை வர்ற பழைய சமஸ்கிருத நூலான மார்க்கண்டேய புராணத்துலயே, என்னை வித்துக் கடனைத் தீருங்கன்னு முதல்ல வாயெடுக்கறது பொண்டாட்டிதான். அரிச்சந்திரனுக்குப் போனது பதவி, குலம், சொத்து. யாரும் அவனைக் குத்தவாளின்னு சொல்லல. சந்திரமதிக்கோ ஊரு நடுவுல புள்ளையைக் கொன்னவங்கற பழி வருது, தன் புள்ளையைப் பறிகொடுத்த அதே ராத்திரில. ஒரு தாய்க்கு இதை விட மோசமான பேரு கெடையாது. அயோத்தி ராணி நான்ங்கறதை எடுத்துப் போட்டு அவ தப்பிக்கப் பாக்கல, அப்படிச் சொன்னா புருசனோட கதையும் சந்தி சிரிச்சிருக்கும். அவன் வாக்கு நின்னது பாதி அவனோட உறுதியால, பாதி இவ வாய மூடிக்கிட்டதால.

இன்னொண்ணையும் சொல்லணும். லோகிதாசனைக் கேட்டு யாரும் எதுவும் பண்ணல. "அப்பன் சத்தியத்துக்குப் புள்ளை ஏன் சாகணும்"னு இன்னிக்குப் பசங்க கேக்குறது நியாயமான கேள்வி, அதை மரியாதைக் குறைவுன்னு தள்ளக் கூடாது. கடைசில எல்லாரும் உசுரோட வந்துட்டாங்கங்கறது அதுக்குப் பதில் ஆகாது. சொந்தப் பொருளை விடறது வேற, அடுத்தவங்க வாழ்க்கையைப் பணயம் வைக்கிறது வேற. சுடுகாட்டுல ஆண்டை பங்கு, தன் பங்குன்னு அவ்வளவு சுத்தமாப் பிரிக்கத் தெரிஞ்சவனுக்கு, காசித் தெருவுல நின்னப்ப புள்ளையோட உசுரு தன் பங்கு இல்லைன்னு பிரிக்கத் தெரியல. அந்தக் கணக்கைச் சுடுகாட்டுலதான் கத்துக்கிட்டான், அதுக்குள்ள புள்ள போயிட்டான்.

பழைய அரிச்சந்திரன் இப்படி இல்ல

இந்த ராஜா எப்பவுமே சத்தியவானா இருந்தான்னு நெனச்சுட வேணாம். கதையோட ரொம்பப் பழைய வடிவம் ஐதரேய பிராமணம்ங்கற வேத கால நூல்ல இருக்கு. அதுல அரிச்சந்திரனுக்குப் புள்ளை இல்ல, புள்ள பொறந்தா உனக்கே பலி கொடுக்கறேன்னு வருணன்கிட்ட வேண்டிக்கறான். ரோகிதன்னு புள்ள பொறக்குது. வருணன் கேக்குறப்பல்லாம் பத்து நாள் ஆகட்டும், பல்லு மொளைக்கட்டும், பல்லு விழட்டும், மறுபடி மொளைக்கட்டும், ஆயுதம் பிடிக்கட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே போறான். கடைசில மகன் காட்டுக்கு ஓடிடறான், அப்பனுக்கு வயித்துல நீர் கோத்துக்குது. மகனுக்குப் பதிலா சுனச்சேபன்ங்கற ஒரு ஏழைப் பையனை நூறு மாட்டுக்கு விலைக்கு வாங்கறாங்க. அந்தப் பையன் தப்பிச்ச பிறகு, அவனைத் தன் மகனா ஏத்துக்கறது யாருன்னா விசுவாமித்திரர்.

பாருங்க, அதே ரெண்டு பேரு, ஆனா அங்க வாக்கை இழுத்தடிக்கிறவன் அரிச்சந்திரன், புள்ளைக்கு இரக்கப்படறவர் விசுவாமித்திரர். மார்க்கண்டேய புராணத்துல இது மொத்தமா திரும்பிடுது, அதுக்குப் பிறகுதான் நாடகம், கூத்து எல்லாம். தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர்ல நடக்குற பாகவத மேளாங்கற நாட்டிய நாடகத்துக்காக வெங்கடராம சாஸ்திரி எழுதுன தெலுங்கு நாடகங்கள்லயும் அரிச்சந்திரன் உண்டு. காந்தி சின்ன வயசுல ஊருக்கு வந்த கம்பெனி போட்ட அரிச்சந்திரா நாடகத்தைப் பாத்து மனசு உருகுனதை சுயசரிதைல எழுதியிருக்கார். அந்தப் பழைய கதையோட அரிச்சந்திரனைப் பாத்திருந்தா யாரும் உருகியிருக்க மாட்டாங்க. பேருங்கறது கதைக்குள்ள இருக்குற ஆளுக்கு மட்டுமில்ல, கதைக்கும் மாறும்ங்கறதுக்கு இது ஒரு ஆதாரம்.

இப்ப வெட்டப்படற சீன்

நாடகம் முன்ன மாதிரி விடிய விடிய நடக்குறது கொறைஞ்சு போச்சு. ரெண்டு மூணு மணி நேரத்துல முடிக்கணும்ங்கறப்ப மொதல்ல கத்திரி விழறது அந்த ரெண்டு பொண்ணுங்க வர்ற சீன்லதான். சாதிப் பேச்சு வருது, இந்தக் காலத்துக்கு ஒத்து வராதுன்னு காரணம் சொல்றாங்க. அதுல வர்ற வசை வார்த்தைகளை எடுக்கறது சரிதான், எடுத்தே ஆகணும். ஆனா சீனையே தூக்கிட்டா முனிவர் சும்மா வந்து நாட்டைக் கேட்டார், ராஜா சும்மா கொடுத்தார்னு ஆயிடுது. அரிச்சந்திரன் மொதல்லயிருந்தே மாசு மருவில்லாத ஆளா வந்து நிப்பான். பாக்குறவனுக்கு, குலப்பேருக்காக நாட்டை விட்டவனும் சுடுகாட்டுல "ஆண்டே"ன்னு நின்னவனும் ஒரே ஆளுங்கற அதிர்ச்சியே வராது. அப்புறம் "ஏன் இவ்வளவு பிடிவாதம்"னுதான் கேப்பான், வேற என்ன கேப்பான்? அந்தப் பொண்ணுங்க கேக்குற கேள்விகளை முழுசா வச்சு, வீரபாகுகிட்ட அவன் விலை போற சீனையும் முழுசா வச்சு, நேரம் பத்தலைன்னா நட்சத்திரேசன் காமெடில பாதியைக் கொறைச்சுக்கலாம்.